விலக்கில் மறைந்த உணவு: சீம்பாலும் தமிழக உறைவினிப்புகளின் வரலாறும் – உப்பிலியபுரம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பாலையோ முட்டையையோ வெப்பத்தால் உறையச் செய்து உண்ணும் இனிப்பை ஆங்கிலேயர் வழி வந்த ‘கஸ்டர்டு’ என்னும் பெயரால் மட்டுமே இன்று அறிகிறோம். ஆனால் தமிழகத்தின் உள்நாட்டு உழவர் வீடுகளில் சீம்பாலும், கடற்கரை முஸ்லிம்களின் வீடுகளில் வட்டிலப்பமும் இவ்வகையைச் சேர்ந்த உணவுகளாக வழங்கி வருகின்றன. இவற்றுள் சீம்பால் பரவலாக உண்ணப்பட்டும் உணவு வரலாற்று நூல்களில் இடம்பெறவில்லை. அது இறைவனுக்குப் படைக்கப்படாததும் சந்தைப் பாலில் சேர்க்கப்படாததுமே இதற்குக் காரணம் என்றும், எனவே அதன் வரலாற்றை விலக்கு விதிகளின் வழியாகவே மீட்க இயலும் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: சீம்பால், பீயூஷம், வட்டிலப்பம், கஸ்டர்டு, உணவு விலக்கு, உப்பிலியபுரம், திருவரங்கம்.

1. முன்னுரை

தமிழக உணவு வரலாற்றை எழுதுவோருக்குக் கிடைக்கும் சான்றுகள் பெரும்பாலும் இருவகையின. ஒன்று, கோயிலுக்கு அளிக்கப்பட்ட கொடைகளையும் அமுதுபடிகளையும் பதிவு செய்யும் கல்வெட்டுகளும் கோயில் ஏடுகளும். மற்றொன்று, விற்பனை, வரி, சட்டம் ஆகியவற்றோடு தொடர்புடைய அரசு ஆவணங்கள். இவ்விரு வாயில்களின் வழியாகவும் நுழையாத உணவு, எத்தனை தலைமுறை உண்ணப்பட்டிருப்பினும், சான்றில்லாத உணவாகவே கருதப்படுகிறது. அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு சீம்பால். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், உப்பிலியபுரத்தின் மாட்டுத் தொழுவத்திற்கும் திருவரங்கத்தின் மடைப்பள்ளிக்கும் இடையிலுள்ள தொலைவு ஒரு நாள் மாட்டு வண்டிப் பயணத்திற்குச் சற்றே மிகும். எனினும் சீம்பாலைப் பொறுத்தவரை இவ்விரண்டும் வேறு வேறு உலகங்கள். இவ்வேறுபாட்டிலிருந்து தொடங்கி, சீம்பாலின் செய்முறை, பெயர், விலக்கு ஆகியவற்றை ஆராய்ந்து, அதனை வட்டிலப்பம், கஸ்டர்டு ஆகியவற்றோடு ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நிலமும் கறவையும்

உப்பிலியபுரம் துறையூர் வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. மேற்கே கொல்லிமலையும் கிழக்கே பச்சைமலையும் அரணாக நிற்கும் சமவெளியில் அமைந்தது. கொல்லிமலையிலிருந்து இறங்கும் ஐயாறு புளியஞ்சோலை வழியாக இப்பகுதியை நனைத்துக் காவிரியை நோக்கிச் செல்கிறது. பச்சைமலையிலும் அடிவாரத்திலும் மலையாளி எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுசீரமைப்பு வரை உப்பிலியபுரம் பழங்குடியினருக்கான தனிச் சட்டமன்றத் தொகுதியாக இருந்தமை இம்மக்களின் செறிவைக் காட்டும்.

காவிரிக் கரையின் நெல் வயல்களைப் போலன்றி, இங்குப் புன்செய்ப் பயிரும் மேய்ச்சலும் இணைந்தே வாழ்வாதாரமாயின. உழவு மாடும் கறவை மாடும் இல்லாத உழவர் வீடு அரிது. கன்று ஈனுதல் வீட்டின் பொருளாதாரத்தில் ஒரு நிகழ்வு. சீம்பால் அந்நிகழ்வின் உணவு. விருந்தினர் வருகைக்கோ பண்டிகைக்கோ செய்யப்படும் பண்டங்களைப் போல இதனைத் திட்டமிட்டுச் செய்ய இயலாது. மாடு ஈன்ற நாளே அதன் நாள். இவ்வியல்பும் அதன் பதிவின்மைக்கு ஒரு காரணம். நாள்காட்டியில் இடம்பெறாத உணவு நூலிலும் இடம்பெறுவதில்லை.

3. உறைதலின் இயல்பு

சாதாரணப் பாலைக் கொதிக்க வைத்தால் அது பொங்கும், வற்றும், ஆனால் கட்டியாக உறையாது. பாலின் புரதத்தில் பெரும்பகுதியான கேசின் கொதிநிலையிலும் உறைவதில்லை. எனவே பாலைத் திடப்படுத்தத் தமிழ்ச் சமையல் மூன்று வழிகளைக் கையாண்டது. நீரை வற்றச் செய்வது முதல் வழி. திரட்டுப்பால் அதன் விளைவு. உறை ஊற்றிப் புளிக்கச் செய்வது இரண்டாவது வழி. தயிர் அதன் விளைவு. வெப்பத்தால் உறையக்கூடிய புரதத்தைப் பயன்கொள்வது மூன்றாவது வழி. சீம்பாலும் முட்டை சேர்த்த இனிப்புகளும் இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தவை.

ஈன்றவுடன் கறக்கும் முதற்பாலில் புரதம் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினான்கு பங்கு இருக்கும். வழக்கமான பசும்பாலில் அது மூன்றரைப் பங்கிற்கு மேற்படாது. முதற்பாலின் மிகைப் புரதத்தில் பெரும்பகுதி கன்றுக்கு நோயெதிர்ப்பாற்றல் தரும் புரதமாகும். அது வெப்பத்தால் முட்டையின் வெண்கருவைப் போலவே உறைகிறது. ஆகவே முட்டை சேர்க்காமலேயே முட்டை சேர்த்த கஸ்டர்டின் பதம் கிடைக்கிறது.

உழவர் வீட்டுச் செய்முறை இவ்வறிவியலை முற்றிலும் உணர்ந்ததாக உள்ளது. முதல் வேளைப் பால் மஞ்சள் நிறமும் பசைத்தன்மையும் கொண்டது. அதை அப்படியே வேகவைத்தால் இறுகி, கடிப்பதற்குக் கடினமாகிவிடும். எனவே அதனோடு சமமாகவோ இருமடங்காகவோ வேறு மாட்டின் பால் கலக்கப்படும். இரண்டாம், மூன்றாம் வேளைப் பாலுக்குக் கலக்கும் அளவு குறையும். அடுத்தடுத்த கறவைகளில் உறையும் ஆற்றல் விரைந்து தேய்வதால், எந்த வேளைப் பாலுக்கு எவ்வளவு கலப்பது என்பதே கைப்பக்குவம். ஐயம் எழுந்தால் ஒரு கரண்டிப் பாலைத் தனியே சூடாக்கிப் பார்த்து அளவைத் திருத்துவர். தூளாக்கிய வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, ஏலக்காயோ சுக்கோ சேர்த்து, கிண்ணத்தில் ஊற்றி, இட்லிப் பானையில் வைத்து ஆவியில் வேகவிடுவர். மூடியிலிருந்து நீர் சொட்டாதிருக்கக் கிண்ணத்தின் மேல் ஒரு தட்டு வைக்கப்படும். நடுவில் குத்திய ஈர்க்கு ஈரமின்றி வந்தால் இறக்கலாம். தீ மிகுந்தால் கட்டியில் துளைகள் விழுந்து நீர் பிரியும். ஐரோப்பியச் சமையல் நூல்கள் கஸ்டர்டுக்கு விதிக்கும் எச்சரிக்கையும் இதுவே. ஆவியின்றி நேரடியாக அடுப்பில் கிளறுவாரும் உளர். அப்போது அது கட்டியாகாமல் உதிரியாகத் திரியும்.

4. பெயர் வழங்கும் சான்று

இவ்வுணவிற்குத் தமிழில் தனிப் பெயர் இல்லை என்பது கருதத்தக்கது. கறந்த பாலும் சீம்பால். வேகவைத்த பண்டமும் சீம்பால். பச்சையாக அதனை மனிதர் அருந்துவதில்லை ஆதலின் இரண்டையும் வேறுபடுத்தும் தேவை எழவில்லை. கடும்பு, கடும்புப்பால் என்னும் சொற்களும் இப்பொருளில் வழங்குகின்றன. ஈழத்தில் கடும்புப்பால் என்பதே பெருவழக்கு. தெலுங்கில் ‘ஜுன்னு’, கன்னடத்தில் ‘கிண்ணு’, மராத்தியில் ‘கர்வஸ்’ என இவ்வுணவு அண்டை மொழிகளில் எல்லாம் பெயர் பெற்றுள்ளது. தக்காணம் முழுவதும் பரவிய ஒரு கால்நடை வளர்ப்புப் பண்பாட்டின் பொதுச் சொத்தாக இதனைக் கொள்வதற்கு இப்பெயர்ப் பரவல் இடந்தருகிறது. ஒரு குறிப்பிட்ட அரசோ சமயமோ வணிகமோ பரப்பிய உணவாக இருந்திருந்தால் அண்டை மொழிகளின் பெயர்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். இவையோ பெரும்பாலும் வேறுபட்டு நிற்கின்றன.

5. விலக்கே சான்று

சீம்பாலைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகள் அதனை உண்ணலாகாது என்று கூறும் நூல்களில் கிடைக்கின்றன. மனுதரும நூலின் ஐந்தாம் அத்தியாயம் உண்ணத்தகாதவற்றைப் பட்டியலிடும் இடத்தில் பசுவின் ‘பீயூஷ’த்தை, அதாவது சீம்பாலை, விலக்குகிறது. ஈன்று பத்து நாள் கழியாத பசுவின் பாலும் அங்கேயே விலக்கப்படுகிறது. மகப்பேற்றுத் தீட்டு மனிதருக்குப் பத்து நாள் எனக் கொண்ட கருத்தின் நீட்சி இது.

ஆனால் மருத்துவ நூல்கள் இதனின்றும் வேறுபடுகின்றன. சரக சங்கிதையும் சுசுருத சங்கிதையும் பீயூஷத்தை உடலை வளர்க்கும் உணவுகளுள் ஒன்றாக வைத்து, அதன் செரிமானக் கனத்தையும் குணத்தையும் பேசுகின்றன. உண்ணப்படாத பொருளுக்கு மருத்துவன் குணம் கூற வேண்டியதில்லை. உண்ணப்படாத பொருளை அறநூலார் விலக்க வேண்டியதுமில்லை. இரண்டு மரபுகளையும் சேர்த்துப் படிக்கும்போது, சீம்பால் பண்டைய இந்தியாவில் அறியப்பட்ட, உண்ணப்பட்ட உணவு என்பதும், அதனை ஏற்பதில் சமூகப் பிரிவு இருந்தது என்பதும் தெளிவாகின்றன.

இப்பிரிவு திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் நிலவியல் வடிவம் பெற்றது எனலாம். திருவரங்கத்தில் அரங்கனுக்குப் படைக்கப்படும் அரவணை அரிசி, வெல்லம், நெய் ஆகியவற்றால் ஆனது. பாலும் நெய்யும் அங்கு முதன்மையான அமுதுபடிப் பொருள்கள். ஆயினும் தீட்டுக் காலத்துப் பாலுக்கு அங்கு இடமில்லை. திருவரங்கத்தோடு நெருங்கிய தொடர்புடைய வேதாந்த தேசிகர் (1268–1369) கொள்ளத்தக்க, தள்ளத்தக்க உணவுகளை ‘ஆகார நியமம்’ என்னும் தமிழ் நூலில் தொகுத்தார். வடமொழி அறநூல்களின் உணவு நெறி தமிழ்ச் செய்யுளாக வைணவ இல்லங்களுக்குள் சென்றமைக்கு அது சான்று. இவ்வில்லங்களில் பாலை வெப்பத்தால் உறையவைக்கும் வழி அடைபட்டது. முட்டையும் இல்லை, சீம்பாலும் இல்லை. எஞ்சியது வற்றச் செய்யும் வழி. திருமணச் சீரிலும் விழாக்களிலும் திரட்டுப்பால் பெற்ற உயர்நிலையை இப்பின்னணியில் வைத்துக் காண வேண்டும். அது சுவையால் மட்டும் பெற்ற இடமன்று. ஏனைய வழிகள் மூடப்பட்டதால் பெற்ற இடமுமாகும்.

உழவர் வழக்கும் விலக்கற்றதன்று. ஆனால் அதன் அடிப்படை வேறு. பல ஊர்களில் ஈன்ற மாட்டின் பாலைக் குறித்த நாள் வரை விற்பதில்லை. அதன்பின் புற்றுக்கோ ஊர்த் தெய்வத்திற்கோ சிறிது பால் வார்த்த பிறகே பால் விற்பனைக்குச் செல்லும். அந்த இடைக்காலத்தில் சீம்பால் அக்கம்பக்கத்தாருக்கும் உறவினருக்கும் பகிர்ந்தளிக்கப்படும். அறநூலார் உண்பதை விலக்கினர். உழவர் விற்பதை விலக்கினர். முன்னது தூய்மை பற்றியது. பின்னது பகிர்வு பற்றியது. ஒரே பத்து நாள் எல்லை இருவேறு பொருளைத் தருகிறது.

6. சட்டம் செய்த இரண்டாம் விலக்கு

இருபதாம் நூற்றாண்டில் பால் கிராமத்தை விட்டு வெளியேறியது. தமிழகத்தில் பால்வளத் துறை 1958இல் தொடங்கப்பட்டது. 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. 1981இல் தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையம் செயற்பாட்டிற்கு வந்தது. உழவரின் வீட்டுப் பால் காலையும் மாலையும் சங்கத்தில் அளக்கப்படும் பண்டமாயிற்று.

1954ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் 1955இல் வகுக்கப்பட்ட விதிகள், பால் என்பதற்கு வரையறை கூறும்போது அது சீம்பால் கலவாததாக இருத்தல் வேண்டும் என்று விதித்தன. 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் அவ்வரையறையைப் பின்பற்றின. காரணம் நடைமுறை சார்ந்தது. சீம்பால் கலந்த பால் கொதிக்கும்போதும் பதப்படுத்தும்போதும் திரிந்துவிடும். எனினும் விளைவு நோக்கத்தக்கது. அறநூல் தீட்டின் பெயரால் விலக்கியதைச் சட்டம் தரத்தின் பெயரால் விலக்கியது. கோயில் ஏட்டில் இடம்பெறாத சீம்பால், சங்கத்தின் பால் ஏட்டிலும் இடம்பெறவில்லை.

இவ்விரண்டாம் விலக்கு ஒருவகையில் சீம்பாலைக் காத்தது. விற்க இயலாத காரணத்தால் அது வீட்டிலேயே தங்கியது. ஆனால் வீட்டில் தங்குவதற்கு வீட்டில் மாடு இருக்க வேண்டும். உழவு எந்திரம் வந்து, மேய்ச்சல் நிலம் குறைந்து, கறவை சில வீடுகளின் தொழிலாகச் சுருங்கும்போது, சீம்பால் பெறும் அக்கம்பக்கம் என்னும் வட்டமும் சுருங்குகிறது. இன்று சில இடங்களில் அது விலைக்கு விற்கப்படுவது அப்பகிர்வு முறையின் முடிவைக் குறிக்கிறது.

இங்குக் கன்றின் உரிமையையும் கருத வேண்டும். மாட்டினத்தில் தாயின் நோயெதிர்ப்புப் புரதம் கருப்பையிலேயே கன்றுக்குச் செல்வதில்லை. ஈன்ற முதல் ஒரு நாளுக்குள் சீம்பால் வழியாகவே செல்ல வேண்டும். எனவே கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு சீம்பாலை அதற்குப் புகட்டுமாறு கால்நடை மருத்துவர் கூறுவர். கன்று குடித்தது போக எஞ்சியதே மனிதருக்கு என்னும் உழவர் நெறியும் இதனோடு ஒத்துப்போகிறது. சீம்பால் விலைப்பொருளாகும்போது முதலில் பங்கு குறைவது கன்றுக்கே.

7. கடற்கரை வழி: வட்டிலப்பம்

உள்நாட்டில் முதற்பால் செய்த பணியைக் கடற்கரையில் முட்டை செய்தது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களிலும் இலங்கை முஸ்லிம்களிடையேயும் வழங்கும் வட்டிலப்பம் தேங்காய்ப்பால், வெல்லம், முட்டை, ஏலம் ஆகியவற்றைக் கலந்து ஆவியில் வேகவைக்கப்படுவது. இலங்கையில் கித்துள் கருப்பட்டியும் சாதிக்காயும் சேரும். நோன்புப் பெருநாளுக்குரிய இனிப்பு அது.

இதன் தோற்றத்தை மலாய் மக்களோடு இணைத்துக் கூறுவது வழக்கம். 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காலத்தில் தென்கிழக்காசியத் தீவுகளிலிருந்து மலாய்க்காரர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்தம் ‘ஸ்ரீகாயா’ என்னும் தேங்காய்ப்பால், முட்டை இனிப்பு வட்டிலப்பத்தை ஒத்தது. செய்முறையின் உறவு மறுக்கத்தக்கதன்று. ஆயினும் பெயர் தமிழாக உள்ளது. வட்டில் என்பது கிண்ணம். சோழர் கல்வெட்டுகளில் பொன் வட்டில்கள் இடம்பெறுகின்றன. வைணவத் திருவாராதனத்தில் நீர்க் கிண்ணங்களுக்கு இன்றும் வட்டில் என்றே பெயர். வட்டிலில் வெந்த அப்பம் வட்டிலப்பம். மலபார் மாப்பிள்ளைமார் முட்டைமாலை செய்து எஞ்சிய வெண்கருவை ஆவியில் வேகவைத்துச் செய்யும் பண்டத்தைப் பிஞ்ஞாணத்தப்பம் என்பதும் இவ்வாறே. பிஞ்ஞாணம் என்பது பீங்கான் தட்டு. கலத்தின் பெயரோடு ‘அப்பம்’ சேர்த்துப் புதுப் பண்டத்திற்குப் பெயரிடும் முறை இரு கடற்கரைகளுக்கும் பொதுவானது.

அரிசி மாவு சிறிதும் இல்லாத பண்டத்தை அப்பம் என்றழைத்தது ஏன்? புதிய செய்முறை வந்தபோது தமிழ் பேசும் முஸ்லிம் சமையலறை அதனைத் தனக்குப் பழகிய ஆவிச் சமையலின் வரிசையில் வைத்துப் பெயரிட்டது என்பதே பொருத்தமான விடை. ஆகவே வட்டிலப்பம் மலாயிலிருந்து வந்ததா, தமிழருடையதா என்னும் வினா பிழையாக எழுப்பப்பட்ட வினா. செய்முறை கடல் கடந்தது. பெயர் இங்கே பிறந்தது.

8. கஸ்டர்டு: மூடிய வழி திறந்த விதம்

‘கஸ்டர்டு’ என்னும் சொல்லின் வரலாறும் கலத்தையே சுட்டுகிறது. இடைக்கால ஆங்கிலத்தில் ‘கிரஸ்டேடு’ எனப்பட்டது மாவாலான ஓட்டினுள் நிரப்பி அடுமனையில் சுட்ட பண்டம். ஓடு என்னும் பொருளுடைய சொல்லே அதன் வேர். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஆங்கிலச் சமையல் ஏட்டில் இறைச்சியும் மீனும் நிரப்பிய இவ்வகைப் பண்டங்கள் கூறப்படுகின்றன. பின்னர் ஓட்டின் பெயர் உள்ளீட்டிற்கு ஆகிவந்தது. அங்கு மாவு ஓடு ஏற்ற பணியை இங்கு வட்டில் ஏற்றது. அடுமனை இல்லாத வீட்டில் ஆவியே வெப்பத்தை அளவோடு தந்தது.

காலனியக் காலத்தில் திருச்சிராப்பள்ளிக் கன்டோன்மென்டின் ஐரோப்பியர் இல்லங்களும், பின்னர்ப் பொன்மலை இரயில்வே குடியிருப்பின் ஆங்கிலோ இந்தியர் இல்லங்களும் முட்டைக் கஸ்டர்டை இவ்வட்டாரத்திற்கு அறிமுகப்படுத்தின. எனினும் அது அவ்வில்லங்களைத் தாண்டிப் பரவவில்லை. பரவியது மற்றொன்று. 1837இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்டு, முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காகச் சோளமாவைக் கொண்டு முட்டையில்லாக் கஸ்டர்டுப் பொடியை உருவாக்கினார். ஒரு மனிதரின் உடல் ஒவ்வாமைக்குக் காணப்பட்ட தீர்வு, தமிழகத்தில் ஒரு சமூக விலக்கிற்குத் தீர்வாயிற்று. முட்டையும் சீம்பாலும் நுழையாத வீடுகளிலும் சைவத் திருமண விருந்துகளிலும் பழத்துண்டுகளோடு கஸ்டர்டு இன்று பரிமாறப்படுகிறது. அது உறைவதன்று, மாவால் கெட்டிப்படுவது. ஆயினும் பெயரும் நிறமும் முட்டையை நினைவூட்டுகின்றன.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. வெப்பத்தால் உறையும் இனிப்பு தமிழகத்திற்கு ஐரோப்பியர் தந்த புதுமையன்று. உழவர் வீட்டின் சீம்பாலும் கடற்கரையின் வட்டிலப்பமும் ஆங்கிலேயர் வழிக்கு அப்பாற்பட்ட இருவேறு மரபுகள். திரட்டுப்பால், சீம்பால், வட்டிலப்பம், பொடிக் கஸ்டர்டு ஆகியவற்றுள் எதனை எவர் உண்டனர் என்பதைச் சுவையைவிட விலக்கே மிகுதியும் தீர்மானித்துள்ளது. இவற்றுள் சான்று குறைந்ததாகக் கருதப்படும் சீம்பாலுக்கும் சான்று உண்டு. அது விலக்கிய நூல்களிலும் விலக்கிய விதிகளிலும் உள்ளது.

உணவு வரலாற்றாய்வு படைக்கப்பட்டவற்றையும் விற்கப்பட்டவற்றையும் மட்டும் எண்ணிக்கொண்டிருக்குமாயின், கொடுத்துப் பெற்ற உணவுகள் அனைத்தையும் இழக்க நேரும். உப்பிலியபுரம் போன்ற ஊர்களில் எந்த வேளைப் பாலுக்கு எவ்வளவு கலப்பது என்பதை அறிந்த மூத்த பெண்கள் இன்னும் உள்ளனர். அவ்வறிவையும், சீம்பால் எந்தெந்த வீடுகளுக்குச் சென்றது, எந்தெந்த வீடுகளுக்குச் செல்லவில்லை என்னும் நினைவையும் ஊர்தோறும் பதிவு செய்வது உடனடியாக மேற்கொள்ளத்தக்க களப்பணியாகும். செல்லாத வீடுகளின் பட்டியல், சென்ற வீடுகளின் பட்டியலுக்கு நிகரான வரலாற்று ஆவணம்.